பஞ்சாங்கக் கணித ஏட்டைக் கணினியில் ஆராய்வது எப்படி?

கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ ஒரு வீட்டுப் பரணிலிருந்து பழைய பஞ்சாங்கக் கணித ஏடு கிடைத்தால், அதிலுள்ள எண்களிலிருந்து தொடங்குவதே நல்லது. செய்யுளில் நேர்ந்த பிழையைப் பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடியும்; கணக்கில் நேர்ந்ததைக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் படம் எடுக்கவும். மை தேய்ந்துபோன ஓலையில் எழுத்தாணிக் கீறல் மட்டுமே மிஞ்சியிருக்கும். அதற்கு மேல் கரி பூசாமல், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தாலே போதும். கீறலின் நிழலில் எழுத்து தெரியும். பிறகு ஏட்டு எண், வரி, கண்ட எழுத்து, அதன் எண்மதிப்பு ஆகியவற்றை எக்செலில் தனித்தனி நிரல்களாக உள்ளிடவும். கிரந்த எழுத்துகளுக்கு 2014 முதல் யூனிக்கோடில் இடம் உண்டு. தமிழ் எண் ௧, எழுத்து க இரண்டும் பார்வைக்கு ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஆகவே எது எண், எது எழுத்து என்பதை உள்ளிடும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

ஏட்டில் 248 சந்திர வாக்கியங்கள் (நாளுக்கொன்றாகச் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்லும் சொற்றொடர்கள்) இருந்தால் சோதனை எளிது. அவற்றில் எண்கள், ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் தரும் கடபயாதி முறையில், சொற்களாக ஒளிந்திருக்கும். வலமிருந்து இடமாகப் படித்தால் முதல் மூன்று நாள்களின் சந்திர நிலை 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை), 24 பாகை 9 கலை, 36 பாகை 22 கலை என வரும். அடுத்தடுத்த நாள்களின் வேறுபாடு 12 பாகை 6 கலை, 12 பாகை 13 கலை என்று சீராக ஏறுகிறது. இரண்டாம் வாக்கியமான ‘தேநவ: ஸ்ரீ:’ என்பதில் நகரத்துக்குப் பதில் ணகரத்தை எழுதிவிட்டால் (நம்மவர் கைக்கு இது எளிதில் வரும் பிழை) 0 என்பது 5 ஆகி, நிலை 24 பாகை 59 கலை ஆகிவிடும். உடனே ஒரு வேறுபாடு 50 கலை கூடி, அடுத்தது அதே அளவு குறையும். கூடிக் குறையும் இந்த இணையைத் தேட பைத்தான் கணினி மொழியில் நாலைந்து வரி எழுதினால் போதும். கடைசி வாக்கியம் 27 பாகை 44 கலையில் முடிகிறதா என்பதையும் பார்க்கவும்.

பிழையைக் கண்டதும் மூலத்தைத் திருத்திவிடக் கூடாது. திருத்தம் எக்செலில் தனி நிரலில் இருக்கட்டும். ஒரே பிழைகள் பல இரண்டு ஏடுகளில் சேர்ந்து வந்தால், அவை ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று கருத வலுவான இடமுண்டு.

ஏட்டின் கணக்கு எந்த ஊருக்கானது என்பதை அதில் தரப்பட்ட நிழலளவு சொல்லும். பகலும் இரவும் சமமான நாளின் நண்பகலில் 12 அங்குலக் குச்சியின் நிழல் இராமேசுவரத்தில் ஏறத்தாழ 1.96 அங்குலம், தஞ்சாவூரில் 2.29.