சான் டியாகோ காமிக்-கானில் ஓவியரின் மேசை முன்னால்: முதல்முறை செல்பவருக்கு

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் காமிக்ஸ் விழாவான சான் டியாகோ காமிக்-கான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘எச்’ கூடம்தான். 6,500 பேர் அமரும் அரங்கு, மேடையில் திரை நட்சத்திரங்கள், வெளியே விடிய விடிய நீளும் வரிசை. அங்கே நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் பதிவு பயன்படாது. அதே கட்டடத்தில், ஒரு சின்ன மேசைக்குப் பின்னால், காமிக்ஸை எழுதியவரும் வரைந்தவரும் உட்கார்ந்திருப்பார்கள். சில வேளை அவர்கள் முன்னால் ஒருவர்கூட நிற்பதில்லை. 1970 ஆகஸ்டில் ஓர் ஓட்டலில் சுமார் 300 பேரோடு இந்த விழா நடந்தபோது, விருந்தினராக வந்தவர்களில் ஒருவர் காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி. அவரைப் போன்றவர்களைப் பார்க்கத்தான் அன்று கூட்டம் வந்தது. நாமும் அதற்காகவே போகிறோம்.

படி 1: பேட்ஜ்

விழா ஜூலையில் நடக்கும். வியாழன் முதல் ஞாயிறு வரை. புதன் மாலை ஒரு முன்னோட்டம் உண்டு. நுழைவுக்கான பேட்ஜை வாசலில் விற்க மாட்டார்கள். முதலில் இணையத்தில் உறுப்பினர் கணக்கு தொடங்கி, விற்பனை நாளில் காத்திருப்பு அறையில் நுழைய வேண்டும். உள்ளே விடுவது குலுக்கல் போலத்தான். முந்தி வந்ததால் பலன் இல்லை. வீசா வேலையை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுங்கள்.

படி 2: யார், எங்கே?

விழாவின் இணையதளத்தில் சிறப்பு விருந்தினர் பட்டியல் இருக்கும். அதோடு நிற்காமல் ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆலி’ பட்டியலையும் பாருங்கள். கண்காட்சிக் கூடத்தில் ஓவியர்களுக்கென ஒதுக்கிய பகுதி அது. அங்கே மேசை போட்டவர் பெரும்பாலும் நாள் முழுக்க இருப்பார். பதிப்பக அரங்குகளில் கையெழுத்திடுபவர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அங்கே உங்களிடம் டோக்கன்கூடக் கேட்கக்கூடும். மாடியில் ‘செயில்ஸ் பெவிலியன்’ என்ற இடத்தில் தனிக் கையெழுத்துப் பகுதி உண்டு. மூன்றையும் ஒரே தாளில் நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியை நம்பாதீர்கள், அந்த நெரிசலில் சிக்னல் கிடைப்பது சந்தேகம்.

படி 3: பெயர்களைப் படியுங்கள்

இதைத்தான் பலரும் செய்வதில்லை. அமெரிக்க காமிக்ஸ் ஒன்றில் கதை எழுதுபவர் ஒருவர், பென்சிலில் வரைபவர் ஒருவர், அதன்மேல் மையேற்றுபவர் இன்னொருவர், வண்ணம் தீட்டுபவர், வசன பலூன்களில் எழுத்து பதிப்பவர் என்று ஐந்து பேர் இருக்கலாம். மையேற்றியவரிடம் போய், “இந்தக் கதையை எப்படி யோசித்தீர்கள்?” என்று கேட்டால் அவர் சிரித்துச் சமாளிப்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நம்மில் பலர் பெயர் தெரியாமலே ரசித்து வளர்ந்தவர்கள். இரும்புக்கை மாயாவியைத் தெரியாத பழைய தமிழ் காமிக்ஸ் வாசகர் உண்டா? அதை வரைந்த ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயரை அன்று எத்தனை பேர் அறிந்திருந்தோம்? மூலக் கதை வெளியான பிரிட்டிஷ் வார இதழ்களிலேயே அன்று படைப்பாளர் பெயரைப் பெரும்பாலும் போடுவதில்லை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

படி 4: பை

இரண்டு அல்லது மூன்று இதழ்கள் போதும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில், பின்னால் கெட்டி அட்டை வைத்து எடுத்துச் செல்லுங்கள். வெளிர் அட்டைக்குக் கறுப்பு மார்க்கர், இருண்ட அட்டைக்கு வெள்ளி நிற பெயின்ட் மார்க்கர். கையெழுத்து எங்கே விழ வேண்டும் என்பதில் பிடிவாதம் இருந்தால், பழைய உறை ஒன்றில் அந்த இடத்தில் மட்டும் சதுரமாக வெட்டி, அதற்குள் இதழை வைத்து நீட்டலாம்.

வெள்ளி மை காய ஐந்து நிமிடமாவது கொடுங்கள். நள்ளிரவு வானம் நிறைந்த ஓர் அட்டையில் கையெழுத்து வாங்கிய பரவசத்தில், அடுத்த வரிசைக்கு ஓடும் அவசரம் வேறு, உடனே உறைக்குள் தள்ளிவிட்டேன். இரவு அறையில் எடுத்துப் பார்த்தால் பாதிக் கையெழுத்து பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்தது.

படி 5: மேசை முன்னால்

வணக்கம் சொல்லி, கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். சிலர் இலவசமாகவே போடுவார்கள், சிலர் இதழுக்கு இவ்வளவு என்பார்கள். இதழின் நிலையை மதிப்பிடும் நிறுவனத்திடம் தரச் சான்று வாங்கி விற்பதற்காகக் கையெழுத்து கேட்பவரிடம் கூடுதலாக வாங்குபவர்களும் உண்டு. அது நியாயம்தான் என்பது என் கட்சி. உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னால் நீங்கள் விற்க வந்தவரில்லை என்பது புரிந்துவிடும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். இல்லையேல் ‘ழ’ உள்ளவர் பாடு திண்டாட்டம்.

கேள்வி ஒன்று போதும், ஆனால் அது ஒரு குறிப்பிட்ட பக்கத்தைப் பற்றியதாக இருக்கட்டும். பக்கத்தைத் திறந்து காட்டியே கேளுங்கள். உங்கள் ஓவியங்களை அங்கே விரிக்க வேண்டாம். அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லத் தனி ஏற்பாடு மாடியில் இருக்கிறது.

படி 6: படம் வரைந்து வாங்குவது

அட்டையில் தலைப்பு மட்டும் அச்சிட்டு மற்ற இடத்தை வெறுமையாக விட்ட இதழ்கள் கிடைக்கும். அதில் ஓவியரிடம் பணம் கொடுத்துப் படம் கேட்கலாம். படம் கேட்போர் பட்டியல் முதல் நாள் காலையிலேயே நிரம்பிவிடக்கூடும், எனவே கூடம் திறந்ததும் நேராக அங்கே போங்கள். முகம் மட்டுமா, முழு உருவமா, வண்ணம் உண்டா, எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்பதையெல்லாம் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

வரையும்போது பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஒருமுறை எனக்கு அனுமதி கிடைத்தது. வயதான ஓவியர். தூரிகையை மையில் தோய்த்து, துணியில் ஒருமுறை உருட்டித் துடைத்தார். மணிக்கட்டு அசையவே இல்லை; கோடு தோளிலிருந்து வந்தது. தாடையின் வளைவு வந்தபோது கையைத் திருப்பாமல் இதழைத் திருப்பினார். மூச்சைப் பிடித்து நின்றது நான்தான், அவர் பக்கத்து மேசைக்காரரிடம் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூடத்தை மூடிவிடுவார்கள். படத்தை நாலு மணிக்கே போய் வாங்கிவிடுங்கள், மை காய நேரம் வேண்டுமல்லவா.