நிறத்தைப் பார்த்து ஹோஸ் வாங்காதீர்கள்: பழைய டர்போ காருக்கு மாற்று ஹோஸ் போடும் முறை

என் லேத் பட்டறை கடலூர் முதுநகரில் இருக்கிறது. மீன்பிடிப் படகுகளுக்கு ஷாஃப்ட், புஷ், குழாய் இணைப்பு கடைந்து கொடுப்பதுதான் தொழில். கார், அப்பா 2006-ல் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா, 1.9 லிட்டர் டர்போ டீசல். டர்போ என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி. அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன்.

போன வருஷம் கேப்பர் மலை ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் திணறியது, பின்னால் கரும்புகை தள்ளியது. ஒரு இடத்தில் காட்டினேன். பானட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடமே, "டர்போ போச்சுண்ணே, மாத்திடலாம்" என்று பெரிய தொகை சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து, இன்ஜின் ஆறியதும் ஒவ்வொரு ஹோஸாகக் கையால் தடவிப் பார்த்தேன். டர்போ அழுத்திய சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கு வரும் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. சும்மா நிற்கும்போது அது மூடியிருக்கும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறினால்தான் வாய் திறக்கும். டர்போவுக்கு ஒன்றும் இல்லை, இன்றைக்கும் அதே டர்போதான் ஓடுகிறது.

புகை ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உள்ளே போகும் காற்றை, டர்போவுக்கு முன்னாலேயே ஒரு சென்சார் அளந்துவிடுகிறது. அந்த அளவை நம்பித்தான் கம்ப்யூட்டர் டீசல் விடுகிறது. நடுவழியில் ஹோஸ் வெடித்துக் காற்று வெளியே போனால், டீசல் மட்டும் முழுசாக வந்து சேரும், காற்று சேராது. அதுதான் கரும்புகை. அதனால் ஏற்றத்தில் புகையும் உஸ்ஸென்ற சத்தமும் சேர்ந்து வந்தால், டர்போவைக் குறை சொல்லும் முன் ஹோஸைப் பாருங்கள். எண்ணெய்ப் பசையில் தூசி அப்பிக் கறுத்திருக்கும் இடம்தான் கசியும் இடம். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் போதும்.

இனி எதை வாங்குவது. இதில்தான் நானே ஒரு முறை ஏமாந்தேன். புதுச்சேரியில் பளபளவென்று நீல நிற சிலிக்கான் ஹோஸ் பார்த்து, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் போட்டேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெளிப்பக்கமெல்லாம் எண்ணெய் வியர்த்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. சிலிக்கான் சூட்டைத் தாங்கும், 180 டிகிரி வரைக்கும் பயமில்லை. ஆனால் எண்ணெய் அதற்கு ஆகாது, ஊறி உப்பிவிடும். டீசல் இன்ஜினின் எண்ணெய் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய், டர்போவுக்கு முன்னால் உள்ள ஹோஸில்தான் வந்து சேர்கிறது. அந்த எண்ணெய் ஆவி டர்போ, இன்டர்கூலர் என்று வழி முழுக்கப் போகும். ஆகவே காற்று போகும் எந்த ஹோஸையும் சிலிக்கானில் வாங்குவதென்றால், உட்பக்கம் எண்ணெயைத் தாங்கும் ஃபுளோரோசிலிக்கான் பூச்சு உண்டா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வாங்காமல் வந்துவிடலாம். நல்ல ஹோஸின் வெட்டு முனையைப் பார்த்தாலே உள் அடுக்கு வேறு நிறத்தில் தெரியும். ஹோஸ் சுவருக்குள் துணி அடுக்கு குறைந்தது நான்கு இருக்கட்டும். பழைய டீசலில் பூஸ்ட் சுமார் 1 பார்தான். ஆனால் நம் ஊர் வெயிலில் டர்போ வாயில் காற்று 130 டிகிரியைத் தொடும். அழுத்தமும் சூடும் சேர்ந்துதான் மெல்லிய ஹோஸை ஊத வைக்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூலன்ட் ஹோஸுக்கு ஈ.பி.டி.எம். ரப்பர் போதும், அதில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. டீசல் குழாய்க்குச் சிலிக்கான் கூடவே கூடாது, எரிபொருளுக்கென்றே அச்சிட்டு விற்கும் ஹோஸ்தான். டர்போவின் எண்ணெய்க் குழாய்க்கும், பிரேக் பூஸ்டர் ஹோஸுக்கும் மாற்றுப் பொருள் தேடாதீர்கள், கம்பெனி உருப்படியே வாங்குங்கள். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வுக்குப் போகும் சின்ன வேக்கும் (காற்றை உறிஞ்சும்) குழாய்க்குச் சிலிக்கான் போடலாம், ஆனால் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். விரலால் நசுக்கினால் உடனே சப்பையாகும் குழாய், உறிஞ்சும்போதும் சப்பையாகிவிடும். எங்கள் தெருவில் எலிகள் முதலில் கடிப்பதும் இந்தச் சின்னக் குழாய்களைத்தான். ஹோஸ் வாங்கும்போது இதையும் ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கி வைக்கிறேன்.

அளவு எடுக்கும்போது பழைய ஹோஸை அளக்காதீர்கள், அது விரிந்திருக்கும். ஹோஸ் ஏறும் உலோக வாயின் வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்து, அதே உள் விட்டமுள்ள ஹோஸ் வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டர் இறுக்கமாக இருந்தால் நல்லது. தொளதொளவென்று இருப்பதைக் கிளாம்ப் (ஹோஸை வாயோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டை) இறுக்கிச் சரிசெய்ய நினைத்தால், ஒரு பக்கம் மடிப்பு விழுந்து அங்கேயே கசியும். இரண்டு முனையும் வேறு வேறு அளவு என்றால் அதற்கான ரெட்யூசர் ஹோஸ் உண்டு. நேரான ஹோஸை வளைத்துப் பொருத்தவும் வேண்டாம், மடியும் இடத்தில் முதலில் வெடிக்கும். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. இரண்டுக்கும் நடுவில் வரும் ஹோஸில் கொஞ்சம் தொய்வு வேண்டும், அல்லது நடுவில் புடைப்புள்ள ஹோஸாக வாங்க வேண்டும்.

கிளாம்புக்கு வருவோம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது ஹோஸுக்குச் சமமான விஷயம். உப்புக் காற்றில் துத்தநாகம் பூசிய கிளாம்ப் இரண்டு மழைக்குள் துருப்பிடித்துவிடும். நல்ல கிளாம்பில் ரகம் அச்சிட்டிருக்கும். டபிள்யூ 1 என்றால் வெறும் பூச்சு. டபிள்யூ 2 என்றால் பட்டை ஸ்டெயின்லெஸ், ஸ்க்ரூ இரும்பு. டபிள்யூ 4 முழுக்க 304 ஸ்டெயின்லெஸ், டபிள்யூ 5 என்றால் 316. கடலூர், புதுச்சேரியில் டபிள்யூ 4-க்குக் கீழே போகாதீர்கள். அச்சு இல்லையென்றால் ஸ்க்ரூவில் காந்தம் வைத்துப் பாருங்கள், பளிச்சென்று ஒட்டினால் வேண்டாம். துறைமுகம் பக்கம் படகுச் சாமான் விற்கும் கடைகளில் நல்ல ரகம் கிடைக்கும். பட்டையில் வெட்டு வெட்டாகத் துளை இருக்கும் சாதாரணக் கிளாம்ப் சிலிக்கானை அறுத்துவிடும். உட்பக்கம் வழவழப்பாக உள்ளதையோ, பூஸ்ட் ஹோஸுக்கு, போல்ட்டும் நட்டும் வைத்து இறுக்கும் டி-போல்ட் கிளாம்பையோ போடுங்கள்.

மாட்டும் நாளில் இன்ஜின் முழுசாக ஆறட்டும். ஒட்டிக்கொண்ட பழைய ஹோஸை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் வாய் உடையும். கத்தியால் நீளவாக்கில் மேலாகக் கீறி உரித்துவிடுங்கள். அலுமினிய வாயில் கத்தி படக் கூடாது, ஒரு கீறல் இருந்தாலும் அந்த வழியே காற்று போகும். பிறகு பிரேக் கிளீனர் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். புது ஹோஸின் உட்பக்கமும் அப்படியே. வழுக்குவதற்காக கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். பூஸ்ட் ஏறியதும் ஹோஸ் கழன்று வருவது பெரும்பாலும் இதனால்தான். சோப்புத் தண்ணீர் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். வாயின் முனையில் ஒரு மேடு இருக்கும். ஹோஸை அந்த மேட்டைத் தாண்டி நன்றாக ஏற்றி, கிளாம்ப் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் நழுவும். ஹோஸின் ரப்பர், கிளாம்பின் இரண்டு பக்கமும் பிதுங்கும்வரை இறுக்காதீர்கள்.

அப்புறம் சோதனை. ஒரு அலுமினியத் துண்டைக் கடைந்து மூடி செய்து, அதில் டியூப் வால்வு பொருத்தி வைத்திருக்கிறேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் முனையை டர்போவில் கழற்றி, அங்கே இந்த மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, கம்ப்ரஸரில் 0.5 பார் மட்டும் காற்று விடுங்கள். மூடிக்கு நேராக நிற்காதீர்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தெளித்தால் கசியும் இடம் குமிழ் விடும். திறந்திருக்கும் இன்ஜின் வால்வு வழியே கொஞ்சம் காற்று சைலன்சர் பக்கம் போகும், அது கசிவல்ல.

கூலன்ட் ஹோஸும் மாற்றினால், பழைய கூலன்ட் எந்த வகையோ அதே வகையைத்தான் நிரப்ப வேண்டும். கலப்பதற்குப் போர்த் தண்ணீர் கூடவே கூடாது, பேட்டரித் தண்ணீர் வாங்குங்கள். ஹீட்டரைத் திறந்து வைத்து ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

புதுச்சேரி வழியில் உள்ள கிருமாம்பாக்கம் வரை போய்த் திரும்பி, ஆறியதும் எல்லாக் கிளாம்பையும் இன்னொரு முறை பாருங்கள். சூடேறி ஆறும்போது சிலிக்கான் கொஞ்சம் அமுங்கும், கால் சுற்று, அரைச் சுற்று வாங்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதன் பிறகு கேப்பர் மலையில் ஏற்றினேன். மூன்றாம் கியரில் புகையில்லாமல் ஏறியது. டிக்கியில் இப்போது இரண்டு கிளாம்பும், அதற்கேற்ற 7 மில்லிமீட்டர் ஸ்பேனரும் நிரந்தரமாக இருக்கின்றன.