ஒரே லேப்டாப்பில் இரண்டு லைட் புரோகிராம்: டிரைவர் சண்டையைத் தீர்ப்பது எப்படி?

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா. மெல்லிசைக் கச்சேரி தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. முதல் நாள் இரவு ஒழுங்காக எரிந்த பார் லைட் (மேடை விளக்கு) ஒன்றுகூட எரியவில்லை. ஃப்ரீஸ்டைலர் என்ற லைட் புரோகிராமில் ஃபேடர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) ஏறி இறங்கியது, லேப்டாப்பின் யூஎஸ்பியிலிருந்து லைட்டுக்குச் சிக்னல் அனுப்பும் டாங்கிளில் பவர் விளக்கும் எரிந்தது, மேடை மட்டும் இருட்டு. அன்று மதியம் புதிதாக வாங்கிய யூடிஎம்எக்ஸ் என்ற வேறு வகை டாங்கிளை, கியூஎல்சி பிளஸ் என்ற இன்னொரு லைட் புரோகிராமில் பழகிப் பார்க்க நான் ஒரு டிரைவர் (டாங்கிளை விண்டோஸுடன் பேச வைக்கும் மென்பொருள்) போட்டிருந்தேன். வினை அங்கேதான். அன்று எந்த வரிசையில் தேடியிருக்க வேண்டுமோ, அதே வரிசையில் இங்கே சொல்கிறேன். எல்லாம் விண்டோஸ் கணினிக்கு.

முதலில், எதையும் அழிக்காதீர்கள். முறைத் தண்ணீர் விடும்போது ஒரு மடை திறந்திருந்தால் அடுத்த மடை காத்திருக்கும் அல்லவா? யூஎஸ்பி டாங்கிளும் அப்படித்தான். ஒரு புரோகிராம் அதைப் பிடித்திருக்கும் வரை இன்னொன்றால் திறக்க முடியாது. இது டிரைவர் கோளாறே இல்லை. இரண்டு புரோகிராமையும் மூடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பின்னால் ஓடிக்கொண்டிருப்பதையும் நிறுத்துங்கள். டாங்கிளைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகுங்கள். ஒரே ஒரு பார் லைட்டை மட்டும் இணைத்து, அதன் முகவரியை (எந்தச் சேனலிலிருந்து கட்டளை எடுக்க வேண்டும் என்ற எண்ணை) 1 என்று வைத்து, ஒரே ஒரு புரோகிராமைத் திறந்து பாருங்கள். எரிந்தால் வேலை முடிந்தது.

எரியவில்லையா? சரி, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். டாங்கிளைப் பிடுங்கிச் செருகும்போது எந்த வரி மறைந்து மறைந்து வருகிறது என்று கவனியுங்கள். அதுதான் உங்கள் டாங்கிள். அந்த வரியைத் திறந்து, டீடெயில்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 0403, 6001 என்று இருந்தால் உள்ளே இருப்பது எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப். 16சி0, 05டிசி என்றால் பெரும்பாலும் யூடிஎம்எக்ஸ் வகை. செல்லில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

இந்த இரண்டு வகைக்கும் டிரைவர் வேறு வேறு. எஃப்டிடிஐ சிப்புக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று விசிபி, டாங்கிளை ஒரு காம் போர்ட்டாக (COM என்று எண்ணுடன் வரும் சீரியல் இணைப்பாக) காட்டும். இன்னொன்று டி2எக்ஸ்எக்ஸ், புரோகிராம் நேராகச் சிப்புடன் பேசும். விண்டோஸில் எஃப்டிடிஐ தரும் தொகுப்பைப் போட்டால் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும், தங்களுக்குள் சண்டை போடாது. யூடிஎம்எக்ஸ் டாங்கிளுக்கோ லிப்யூஎஸ்பி வகை டிரைவர் வேண்டும். அதைப் போட ஸாடிக் என்ற சிறு கருவியைப் பயன்படுத்துவார்கள். ஸாடிக் நீங்கள் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதன் பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும். அன்று நான் பட்டியலில் தேர்ந்தெடுத்தது யூடிஎம்எக்ஸ் இல்லை, பக்கத்தில் செருகியிருந்த எஃப்டிடிஐ டாங்கிள். டிவைஸ் மேனேஜரில் அந்த டாங்கிளைக் காட்டும் யூஎஸ்பி சீரியல் போர்ட் என்ற வரியே காணாமல் போனது. ஸாடிக் திறக்கும்போது மற்ற டாங்கிளைக் கழற்றி வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது.

சரி செய்வது இப்படி. தவறாகப் போன வரியில் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுங்கள். அப்போது, டிரைவரையும் நீக்கவா என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். அதில் டிக் போடுவதுதான் முக்கியம். விட்டுவிட்டால் மறுபடி செருகியதும் அதே தவறான டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்ளும். டாங்கிளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள். இன்னும் பழையதே வந்தால், போகும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். அப்புறம் எஃப்டிடிஐ தளத்திலிருந்து எடுத்த தொகுப்பைப் போட்டு, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

யூஎஸ்பி சீரியல் கன்வர்டர் வரி இருந்து, காம் போர்ட் மட்டும் இல்லையென்றால் இவ்வளவு பாடு வேண்டாம். அந்த வரியின் ப்ராபர்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், லோட் விசிபி என்பதில் டிக் போட்டு, டாங்கிளைக் கழற்றிச் செருகினால் போதும்.

இரண்டு புரோகிராமும் ஒரே நேரத்தில் ஓடியே ஆக வேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு டாங்கிள் கொடுங்கள், லைட்டுகளையும் இரண்டு லைனாகப் பிரியுங்கள். ஒரு டிஎம்எக்ஸ் லைனுக்கு (லைட்டுகளுக்குக் கட்டளை போகும் கேபிள் வரிசைக்கு) 512 சேனல். கிராமத்து மேடைக்கு அது தாராளம். ஆர்ட்நெட் (டிஎம்எக்ஸ் கட்டளையை நெட்வொர்க் வழியாக அனுப்பும் முறை) வழியாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: அது 6454 என்ற யூடிபி போர்ட்டில் ஓடுகிறது, ஒரே கணினியில் இரண்டு புரோகிராம் அதே போர்ட்டைக் கேட்டால் ஒன்று வாய் மூடிக்கொள்ளலாம். ஒரே யுனிவர்ஸுக்கு (512 சேனல் கொண்ட ஒரு தொகுதிக்கு) இரண்டும் அனுப்பினால் லைட் சிமிட்டலாம்.

இப்போது என் லேப்டாப்பில் ஒவ்வொரு யூஎஸ்பி துளைக்கும் மேலே ஒரு வண்ண டேப் ஒட்டியிருக்கிறேன், டாங்கிளிலும் அதே வண்ணம். துளை மாறினால் காம் எண் மாறிவிடும் டாங்கிள்களும் உண்டு. நிகழ்ச்சி நாளில் நெட் இணைப்பைத் துண்டித்துவிடுகிறேன், விண்டோஸ் அப்டேட் டிரைவரில் கை வைக்காமல் இருக்க.