வீடு கம்பத்தில், தோட்டம் மெட்டுக்கு மேலே: துப்பாக்கி உரிமம் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு தமிழ்நாடு–கேரள எல்லையான மெட்டு மலை ஏறும் ஜீப்புகளில் பாதிக்கு மேல் ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றவை. எனக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர், காயெடுப்புக் காலத்தில் ஏலக்காய் வைக்கும் ஸ்டோரில் திருட்டு நடந்த மறுநாள், தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமத்தோடு தம் துப்பாக்கியைச் சீட்டுக்குப் பின்னால் சாக்கில் சுற்றிவைத்துச் சோதனைச் சாவடியைக் கடந்தார். வண்டியைச் சோதித்தபோது அவர் உரிமப் புத்தகத்தைத்தான் பெருமையாக எடுத்து நீட்டினார். ‘செல்லுபடியாகும் பகுதி’ என்ற ஒற்றை வரி அவரை வழக்கில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அந்த வரியை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது பிறப்புரிமை அன்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு, ஒரு குறிப்பிட்ட தேவைக்காக, ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் அரசு தரும் அனுமதிதான் உரிமம். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊரிலோ தொழில் செய்யும் ஊரிலோ விண்ணப்பிக்கலாம் என்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு வீடு இருக்கும் தேனி, தோட்டம் இருக்கும் இடுக்கி ஆகிய இரண்டு ஆட்சியர் அலுவலகங்களும் திறந்தே இருக்கின்றன. துப்பாக்கி உண்மையில் எங்கே தேவைப்படுகிறதோ அந்த மாவட்டத்தில் கேட்பதே நல்லது என்பது என் கருத்து. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் எடுத்துச் செல்லத்தான் வேண்டும் என்றால், செல்லுபடியாகும் பகுதியில் இரண்டு மாநிலங்களையும் சேர்க்கும்படி விண்ணப்பத்திலேயே காரணத்தோடு கேட்டுவிடுங்கள்.

ஏ-1 படிவம், அடையாள, முகவரிச் சான்றுகள், மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவற்றைத் தர வேண்டும். காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள். ‘பயமாக இருக்கிறது’ என்று பொதுவாக எழுதுவதைவிடத் திருட்டுப் புகாரின் நகல், தோட்டப் பத்திரம், ஸ்டோர் தனியாக இருக்கும் இடத்தின் விவரம் ஆகியவற்றை இணைப்பது பலன் தரும். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக்கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அதை வைத்து மேல்முறையீடு செய்யலாம். பயிர்ப் பாதுகாப்புக்கு குழலின் வாய் வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்பும் துப்பாக்கியையே சட்டம் முதலில் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே தோட்டா போடும் பன்னிரண்டு போர் துப்பாக்கி போன்றவற்றுக்கு அனுமதி கிடைக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை. மலையில் யாராவது மலிவாகக் கொண்டுவந்து காட்டினால் தொட்டுக்கூடப் பார்க்காதீர்கள்.

எப்போது சுடலாம் என்பதுதான் உரிமம் வாங்குவதைவிடக் கடினமான பாடம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யக்கூடாது, காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை என்ற வரம்புகளையும் கூடவே வைக்கின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருக்கும்போது எதிராளியின் உயிர் போகும் அளவுக்குத் தற்காத்துக்கொண்டாலும் குற்றமாகாது. ஆனால் பச்சைக் காயைச் சாக்கில் அள்ளிக்கொண்டு ஓடுபவரின் முதுகில் சுடுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. ஒரு சாக்கு ஏலக்காயின் விலை எனக்கும் தெரியும். அதற்காக ஒரு மனித உயிரைப் பறிக்கலாம் என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது.

காட்டுப்பன்றி விஷயத்தில் மெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் என்ற அதிகாரம் தரப்பட்டு, அவர்களின் உத்தரவின் பேரில், பட்டியலில் உள்ள உரிமதாரர்கள் பன்றியைச் சுடலாம். தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுட அனுமதி, அதையும் வனத்துறையினரே செய்ய வேண்டும். ஆகவே உங்களிடம் துப்பாக்கி இருப்பதே பன்றியைச் சுடும் அனுமதி ஆகிவிடாது. பாய்ந்து வரும் விலங்கிடமிருந்து உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு சுட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் அந்த உடல் அரசுக்குச் சொந்தம், உடனே தகவல் தர வேண்டும்.

தோட்டக்காரர்கள் பலர் பள்ளி, கல்லூரி அறக்கட்டளைகளிலும் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டணப் பணம் எண்ணும் நாளில் தம் துப்பாக்கியோடு அலுவலக அறையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உரிமத்தின் நிபந்தனைகளில், சிறப்பு அனுமதி இல்லாமல் திருவிழாவுக்கோ ஊர்வலத்துக்கோ கல்வி நிறுவன வளாகத்துக்குள்ளோ ஆயுதம் எடுத்துச் செல்லக்கூடாது என்று இருக்கிறது. தாளாளர் என்பதால் அதிலிருந்து விலக்கு இல்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024இல் ஆசிரியர்களே மறைத்து ஆயுதம் வைத்திருக்கச் சட்டம் இயற்றியது. அது நமக்குப் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம் என்றே நான் நினைக்கிறேன். பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் தோட்டா நிரப்பிய ஆயுதம் தோளில் தொங்குவதால் வரக்கூடிய விபத்து, அது தடுக்கப்போகும் திருட்டைவிடப் பெரியது. ஆயுதக் காவலர் வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தாலும், 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் பெற்ற நிறுவனத்திடமே போய், வளாகத்துக்கான அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே ஆளை வாயிலில் நிறுத்த வேண்டும். உங்கள் பெயரில் உள்ள துப்பாக்கியை வாட்ச்மேன் கையில் கொடுத்து நிறுத்துவது, தோட்டத்திலும் சரி, பள்ளியிலும் சரி, இருவரையும் குற்றவாளியாக்கும்.

வைக்கும் முறையையும் கவனியுங்கள். மலைக்காற்றின் ஈரத்தில் காகித உறை கொண்ட தோட்டாக்கள் ஒரே மழைக்காலத்தில் உப்பிக் குழலுக்குள் நுழையாமல் நின்றுவிடுகின்றன. குழலின் உட்புறத்தில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. எண்ணெய்த் துணியால் துடைத்து, தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டியில் துப்பாக்கியையும் வேறொரு பூட்டில் தோட்டாக்களையும் வையுங்கள். புதுப்பிக்கும் தேதியை இரண்டு மாதத்துக்கு முன்பே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். 2021இல் நடந்ததுபோல இரண்டு மாநிலங்களுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு வரலாம். தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் உரிமத்தில் காட்டிய காவல் நிலையத்திலேயே ஒப்படையுங்கள்.

என் தந்தை இறந்தபோது அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி பீரோவிலேயே இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். உரிமம் அவரோடு முடிந்துவிட்டது என்றும், அன்று முதல் அந்த வீட்டில் இருந்தது உரிமமில்லாத ஆயுதம் என்றும் பின்னர்தான் புரிந்தது. அப்படி நேர்ந்தால் உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து, வரிசை எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதிய ரசீதை வாங்கிய பிறகே வாரிசு பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.