படைபலக் கணக்கில் பெண்களின் பங்கை வாசிப்பது எப்படி?

இந்திய ராணுவத்தில் பெண்கள் எத்தனை விழுக்காடு என்று தேடினால், ஒரே ஆண்டுக்கே பல விடைகள் கிடைக்கும். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் அந்த விடைகள் பெரும்பாலும் சரியானவையே. எந்த எண்ணை எதனால் வகுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவரோ கட்டுரை எழுதுபவரோ இத்தகைய புள்ளிவிவரத்தைக் கையாளுவதற்கு முன் அதைச் சோதித்துக்கொள்ளும் முறையை, முப்படைகளின் கணக்கைக் கொண்டே இங்கே பார்க்கலாம்.

முதலில் மூலத்துக்குப் போகவேண்டும். நாடாளுமன்றக் கேள்விகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் அளிக்கும் எழுத்துமூலப் பதில்கள் மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் கிடைக்கின்றன. செய்தியாக வெளிவரும்போது உதிர்ந்துபோகும் இரண்டு விவரங்கள் அங்கே இருக்கும்: எந்த நாளின் நிலவரம் என்பதும், எந்தப் பிரிவினரைச் சேர்த்தார்கள் அல்லது விலக்கினார்கள் என்பதும்.

அடுத்து வகுக்கும் எண்ணைப் பாருங்கள். தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நிகழ்கின்றன. 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் தரப்பட்ட பதிலின்படி தரைப்படையில் 12,18,036 ஆண்களும் 6,807 பெண்களும், விமானப்படையில் 1,46,727 ஆண்களும் 1,607 பெண்களும், கடற்படையில் 10,108 ஆண்களும் 704 பெண்களும் இருந்தார்கள். இதிலிருந்து பெண்களின் பங்கு முறையே 0.56, 1.08, 6.5 விழுக்காடு என்று கணக்கிட்டு, கடற்படையே முன்னணியில் நிற்பதாகப் பலர் எழுதினார்கள். ஆனால் இந்தியக் கடற்படையின் மொத்த ஆள்பலம் பத்தாயிரத்தைப் போலப் பல மடங்கு. 10,108 என்பது அதிகாரிகளை மட்டும் எண்ணிய கணக்கு. மற்ற இரு படைகளின் எண்களிலோ சிப்பாய்களும் விமானப்படை வீரர்களும் அடக்கம். மூன்று படைகளிலும் அதிகாரிகளை அதிகாரிகளோடு ஒப்பிட்டால் விமானப்படை ஏறத்தாழ 13 விழுக்காட்டோடு முதலிடத்துக்கு வந்துவிடும்; கடற்படையின் பங்கு அதில் பாதியளவே. முதலிடமே மாறிவிடுவதால், ஓர் அட்டவணையில் மூன்று படைகளையும் அருகருகே பார்க்கும்போதெல்லாம் அவற்றின் மொத்த எண்ணிக்கை நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, பெண்கள் எந்தப் பணியில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கவேண்டும். ராணுவச் செவிலியர் பணியின் வரலாறு 1888 வரை பின்னோக்கிச் செல்கிறது. மருத்துவம் சாராத பிரிவுகளுக்கோ பெண் அதிகாரிகளை 1992இல்தான் சேர்க்கத் தொடங்கினார்கள். தரைப்படைக்கான முதல் அணிகள் நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயின்றன. இந்த ஒரு நூற்றாண்டு இடைவெளி இன்றைய எண்களிலும் தெரிகிறது. 2023 ஜனவரி 1 நிலவரப்படி செவிலியர் பணியில் 3,841 பெண்களும், ராணுவ மருத்துவப் பிரிவில் 1,212 பேரும், பல் மருத்துவப் பிரிவில் 168 பேரும் இருந்தனர்; ஏனைய பிரிவுகள் அனைத்திலும் சேர்த்து 1,733 பெண் அதிகாரிகளே இருந்தனர். நான்கில் மூன்று பங்கு மருத்துவம் சார்ந்தது என்பதைச் சொல்லாமல் மொத்தத்தை மட்டும் எழுதினால், படிப்பவர் மனத்தில் வேறொரு சித்திரம் உருவாகிவிடும். சிப்பாய் நிலையில், ராணுவக் காவல் பிரிவுக்கான 83 பெண்கள் கொண்ட முதல் அணி 2021 மே மாதத்தில்தான் பெங்களூருவில் பயிற்சி முடித்தது.

படைபலம் என்ற சொல்லும் இருபொருள் தரக்கூடியது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் வேறு, உண்மையில் பணியில் இருப்போர் வேறு. 2021 டிசம்பரில் அரசு தந்த கணக்கில் தரைப்படைக்கு 7,476 அதிகாரிகளும், அதிகாரி நிலைக்குக் கீழே 97,177 பேரும் குறைவாக இருந்தனர். கொரோனா காலத்தில் ஆட்சேர்ப்பு முகாம்கள் நின்றுபோனதும், ஓய்வு பெறுவோர் வழக்கம்போல் வெளியேறியதும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஆகவே பெண்களின் விழுக்காடு கூடியிருப்பதைக் கண்டால், பெண்கள் கூடினார்களா அல்லது மொத்தம் குறைந்ததா என்று பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

பணிக்காலத்தையும் விசாரிக்கவேண்டும். குறுகிய காலப் பணியில் சேர்ந்த பெண்கள் பலர் 14 ஆண்டுகளில், ஓய்வூதியத்துக்குத் தேவையான 20 ஆண்டுகளை எட்டாமலேயே வெளியேற வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகே தரைப்படையின் மேலும் எட்டுப் பிரிவுகளில் அவர்களுக்கு நிரந்தரப் பணிக்கான வழி திறந்து, அத்தகைய பிரிவுகள் பத்தாயின. 2023 ஜனவரியில் 108 பெண் அதிகாரிகளைக் கர்னல் பதவி உயர்வுக்குத் தேர்ந்தெடுக்கும் நடைமுறை நடந்தது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் எந்தப் பதவி வரை நீடிக்கிறார்கள் என்பதே எனக்குப் பொருள் மிகுந்த கேள்வியாகப் படுகிறது.

நுழைவாயிலில் உள்ள உச்சவரம்பை மறந்துவிடாதீர்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு உச்ச நீதிமன்ற உத்தரவால் பெண்களுக்குத் திறந்தபோது, 2021இல் சுமார் 1.78 லட்சம் பெண்கள் விண்ணப்பித்தார்கள். எழுத்துத் தேர்வில் ஆயிரம் பேர் தேறினார்கள். ஒதுக்கப்பட்ட இடங்கள் 19 மட்டுமே. அப்படியிருக்க, பெண்களின் பங்கு குறைவாக இருப்பதை அவர்களுடைய ஆர்வக்குறைவு என்று விளக்குவது கணக்குக்கே ஒவ்வாது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 2 விழுக்காடு வரம்பு 1967இல்தான் நீங்கியது, 1973இல் கட்டாய ஆட்சேர்ப்பு முடிவுக்கு வந்து ஆள் தேவை எழுந்ததும் பெண்களின் எண்ணிக்கை வேகமாக ஏறியது.

எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் காவல் படை போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவதால், அவற்றை முப்படைக் கணக்கோடு கலக்கக்கூடாது.

வெளிநாடுகளோடு ஒப்பிடும்போது ஆட்சேர்ப்பு முறையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலில் பெண்களுக்கும் ராணுவப் பணி கட்டாயம். நார்வே 2015 முதல் கட்டாயப் பணியை இருபாலருக்கும் பொதுவாக்கியது. விரும்பிச் சேரும் முறையுள்ள அமெரிக்காவே இந்தியாவுக்கு நெருங்கிய ஒப்பீடு. ஆனால் அங்கே சொல்லப்படும் 17, 18 விழுக்காடு எல்லா நிலையினரையும் சேர்த்தது என்பதால், அதற்கு எதிரே வைக்கவேண்டியது நம் விமானப்படை அதிகாரிகளின் 13 அல்ல, தரைப்படை முழுவதற்குமான அந்த 0.56தான்.