'சின்னத் தோட்டாதானே!': லீவர் கார்பைன்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாபநாசத்துக்குப் பக்கத்தில், அம்மா பிறந்த வீட்டில் ஒரு வின்செஸ்டர் 1892 கார்பைன், அதாவது குட்டை ரைபிள், இருக்கிறது. தாத்தா வாங்கியது, இப்போது பெரிய மாமா பெயரில் லைசென்ஸ். விசையைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா ஏறும். தோட்டா 44-40. 1873-இல் ரைபிளுக்கென்று வந்து, சில வருடங்களில் கோல்ட் ரிவால்வருக்கும் போனது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே தோட்டா. அமெரிக்க மாட்டுக்காரர்களுக்கு அது பெரிய வசதி. டெக்சாஸில் இருக்கும் மாமா பையன் வைத்திருக்கிற 357 மேக்னம் கார்பைனும் இதே கணக்குதான்.

கைத்துப்பாக்கித் தோட்டா, உதை குறைவு, சத்தமும் மிரட்டாது. அதனால் கையில் எடுத்தவுடன் ஒரு அலட்சியம் வந்துவிடுகிறது. நான் பார்த்த தப்புகளில் பாதி அங்கிருந்து வந்தவைதான்.

முதலில் குழலின் நீளத்தை மறந்துவிடுகிறார்கள். 4 அங்குல ரிவால்வரில் விநாடிக்குச் சுமார் 1,400 அடி போகும் இலேசான 357 குண்டு, 16 அங்குலக் குழலில் 1,800 அடியைத் தாண்டும். எங்கள் பழைய 44-40 அவ்வளவு வேகமில்லை. ஆனாலும் குறி தப்பினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். டெக்சாஸில் மண்மேட்டை முட்டுக் கொடுத்துச் சுடுகிறார்கள். நம் டெல்டாவில் மேடு எங்கே இருக்கிறது? கொள்ளிடக் கரையை விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. அந்தக் கரையிலும் ஆடு மேய்ப்பவர் இருப்பார், அந்தப் பக்கம் ஊர் இருக்கும். வயலில் யாருமில்லை என்று தோன்றும். வரப்புக்கு அந்தப் பக்கம் குனிந்து நாற்று நடுகிற பத்துப் பேர் தெரியவே மாட்டார்கள். தண்ணீர் நிற்கிற வயல் இன்னும் மோசம். குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்டு விளையாடியவர்களுக்குத் தெரியும்: தாழ்வாக வந்தது முங்காது, தத்தித் தத்திப் போகும். மெதுவாக வரும் கனமான ஈயக் குண்டும் அப்படித்தான். ஆகவே வயலில் 'சும்மா ஒரு தடவை' என்பதே கிடையாது. திருச்சியில் ரைபிள் கிளப் இருக்கிறது. அங்கே உங்கள் துப்பாக்கியின் குழல் அளவுக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

சரி, கையாளுவதற்கு வருவோம். குழலுக்குக் கீழே ஒரு குழாயில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒருவர் லீவரை ஒரு தடவை அடிப்பார், ஒரு தோட்டா தெறித்து விழும், 'காலி' என்று அடுத்தவர் கையில் கொடுப்பார். காலி இல்லை. அந்த ஒரு அடியிலேயே குழாயிலிருந்து இன்னொன்று குழலின் பின்முனையில் இருக்கும் அறைக்குள் ஏறி, குதிரையும் (தோட்டாவைச் சுட வைக்கும் சுத்தியல்) பின்னால் சாய்ந்து தயாராக நிற்கிறது. ஒரு பொங்கலன்று திண்ணையில் மாமாவே இதைச் செய்தார். நான் லீவரை மறுபடி திறந்தேன், பளபளவென்று ஒரு தோட்டா என் வேட்டியில் விழுந்தது. மாமா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. குழாய் தீரும்வரை அடித்து, அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் காலி. விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். லீவரை மூடும்போது விரல் உள்ளே மாட்டிக்கொள்வது எளிது.

அடுத்தது, பாதி அடி. புதிதாகச் சுடுகிறவர்கள் லீவரை ஏதோ கண்ணாடி போலப் பயந்து பயந்து தள்ளுவார்கள். முழுதாகப் போகாமல் திரும்பினால் கூடு பாதியில் நிற்கும், அடுத்தது குறுக்கே சிக்கும். துப்பாக்கி மேல் பழி போடுவார்கள். முழுவதும் தள்ளி முழுவதும் இழுங்கள், அது தாங்கும்.

கூர்மூக்குக் குண்டு இந்தக் குழாயில் ஆகாது. பின்னாலிருக்கும் தோட்டாவின் மூக்கு முன்னாலிருப்பதன் கேப்பை, அதாவது அடித்தால் பற்றிக்கொள்ளும் அடிப்பகுதியை, தொட்டுக்கொண்டே இருக்கும்; உதையில் இடித்தால் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். தட்டை மூக்குதான் சரி. எண்ணைப் பார்த்து வாங்குவதும் ஆபத்து. எங்கள் குழலில் '44 டபிள்யூ.சி.எஃப்.' என்று வெட்டியிருக்கிறது; அது 44-40-இன் இன்னொரு பெயர். லைசென்ஸில் யாரோ வெறும் '44' என்று எழுதிவிட்டார்கள். 44 மேக்னம் வேறு, 44-40 வேறு.

தூரம் பற்றியும் ஒரு வார்த்தை. 50 கஜத்தில் குறி சரிசெய்த 44-40, 150 கஜத்தில் ஏறத்தாழ இரண்டு அடி கீழே இறங்கிவிடும். நீளக் குழலைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துருதான் பெரிய எதிரி. தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்; தோல் ஈரத்தைக் குடித்து இரும்பின் மேல் கக்கும். தாத்தா தேங்காய் எண்ணெய் பூசியிருக்கிறார்! நாளாக ஆக அது பசையாகி லீவரையே இறுக்கிவிட்டது. நான் கழற்றியபோது உள்ளே பழுப்பாக மெழுகு மாதிரி இருந்தது, வாசனை மட்டும் போகவில்லை. துப்பாக்கி எண்ணெயே போதும், மெல்லியதாக. பழைய காலத்து கேப் உள்ள தோட்டா சுட்டால் உப்புப் படியும். முதலில் வெந்நீர், துடைத்து உலர்த்தி, அப்புறம் எண்ணெய்.

கடைசியாகக் காகிதம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் ஐந்து வருடம். காலாவதி நாள் வரை காத்திராமல் இரண்டு மாதம் முன்பே கலெக்டர் ஆபீஸில் மனுப் போடுங்கள். தேர்தலுக்கு ஒப்படைத்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு வருடம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று: கோடியக்கரை சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால், வனவிலங்குச் சட்டப்படி துப்பாக்கிக்காரர் வனத்துறையிலும் பெயரைப் பதிய வேண்டும். மயில் நெல்லை மேய்கிறது, பன்றி வரப்பை உடைக்கிறது என்பதற்காக நீங்களாகச் சுட முடியாது.

உரிமையாளர் காலமானால் 'பெட்டியில் கிடக்கட்டும்' என்று விடுவது குற்றம். ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட்டுத்தான் வாரிசு மனுப் போட வேண்டும். இருக்கும்போதே மாற்றவும் 2016 ஆயுத விதிகளில் வழி உண்டு: 70 வயது நிறைந்தாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசுக்குக் கொடுக்கலாம். மாமாவுக்கு 73. டெக்சாஸ் பையன் வரப்போவதில்லை, தஞ்சாவூரில் இருக்கும் மகளுக்குத் துப்பாக்கியைக் கண்டாலே ஆகாது. மூன்றாவது தடவையாக ஃபாரம் வாங்கி வந்து அவர் மேசையில் வைத்திருக்கிறேன். அதன் மேல் வெற்றிலைப் பெட்டியை வைத்திருக்கிறார்.