புது டர்போ கார்: எண்ணூர் சாலை ஓட்டத்துக்கு ஒரு பராமரிப்பு வழிமுறை

வடசென்னை தண்டையார்பேட்டையில் இருக்கும் என் தம்பி இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கினான். எட்டே மாதத்தில் சைலன்சரில் நீலப்புகை. மெக்கானிக் டர்போவைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஆயில் கரியாகக் காய்ந்து ஒட்டியிருந்தது, பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் (சுழலும் தண்டு) ஆடியது. டர்போவையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. அதற்கு முன் எங்கள் வீட்டில் யாருக்கும் இதெல்லாம் தெரியாது. புதிதாக வாங்கியிருக்கும் உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்காற்று ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளும். இதுதான் டர்போ. நன்றாக மிதிக்கும்போது அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். பெட்ரோல் கார் என்றால் அதன் வழியாகப் போகும் புகை 900 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சுடும். இவ்வளவையும் தாங்குவது பேரிங்கில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான்.

படி 1: ஆயில்

காருடன் வந்த கையேட்டைத் திறந்து, எந்த கிரேடு, எந்தத் தரக்குறியீடு என்று பார்த்து ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். ‘5டபிள்யூ-30’ என்று கிரேடை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. அதே கிரேடில் தரம் குறைந்த ஆயிலும் கிடைக்கும். டர்போ பெட்ரோல் காருக்குக் கையேடு ‘ஏபிஐ எஸ்பி’ என்ற தரக்குறியீட்டைக் கேட்டிருந்தால் டப்பாவில் அந்த எழுத்துகள் இருக்க வேண்டும். தம்பியின் காருக்கு ஒரு ஷெட்டில் டிரம்மிலிருந்து ஊற்றினார்கள். என்ன ஆயில் என்று அவனும் கேட்கவில்லை. இப்போது சீல் உடைக்காத டப்பாவைக் கண்ணெதிரில் திறந்தால்தான் ஊற்ற விடுகிறான்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது? கையேட்டில் ‘கடினமான பயன்பாடு’ என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். தூசு, நின்று நின்று போகும் நெரிசல், குறைந்த தூர ஓட்டம் எல்லாம் அதில் வரும். மணலி, எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஊர்பவர்கள் அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கையேடு சாதாரண ஓட்டத்துக்கு 10,000 என்று சொன்ன எங்கள் காருக்கு நாங்கள் 7,000-லேயே மாற்றிவிடுகிறோம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பியை) பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருந்தால் சரி. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு.

படி 2: காலையில் கிளப்பும்போது

ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் போதும், மெதுவாகக் கிளம்பலாம். முதல் பத்து நிமிடம் மட்டும் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். மீட்டரில் வெப்பமுள் நடுவுக்கு வந்துவிட்டாலும் அது கூலன்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) சூடு. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடாகும்.

படி 3: அணைக்கும்போது

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜிஎன்டி ரோட்டில் வேகமாக வந்து, டீக்கடையைப் பார்த்ததும் நிறுத்தி உடனே சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். டர்போ இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில்தான் கரியாகும். அங்கே ஒரு நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு அணையுங்கள். தானாக எஞ்சின் அணையும் வசதி இருந்தால் அப்போது மட்டும் அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

இதற்காக வீட்டு வாசலில் தினமும் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டாம். தண்டையார்பேட்டை சந்துகளில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வருவதிலேயே டர்போ ஆறிவிடும். அணைத்த பிறகும் சில கார்களில் ஃபேனோ பம்போ ஓடும் சத்தம் கேட்கும், பயப்படாதீர்கள்.

படி 4: கியர்

மூலக்கடை மேம்பாலத்தில் பெரிய கியரிலேயே முக்கி முக்கி ஏற்றாதீர்கள். குறைந்த சுற்றில் முழுதாக மிதித்தால் பெட்ரோல் டர்போ எஞ்சினில் நேரத்துக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிஸ்டனே உடையலாம். ஒரு கியர் குறையுங்கள்.

படி 5: ஏர் ஃபில்டரும் தண்ணீரும்

எண்ணூர் சாலை ஓட்டத்துக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரைத் திறந்து பாருங்கள். கிழிந்த ஃபில்டரோடு ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது. உள்ளே போகும் மண்துகள் அந்த வேகத்தில் சுற்றும் சக்கரத்தின் இறக்கையை அரித்துவிடும்.

மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள், சுற்றுவழி எவ்வளவு தூரமானாலும் சரி. தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே நீர் போயிருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்துப் போகத்தான் வேண்டும்.

படி 6: கோளாறின் அறிகுறிகள்

ஆயில் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி அங்கேயே எஞ்சினை அணையுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, தள்ளிப்போடாதீர்கள். இழுவை குறைந்து, மிதிக்கும்போது ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் மட்டும் பதறாமல் முதலில் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடற்காற்றில் ஹோஸ் கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தாலும் காற்று கசியும். அதைப் பார்க்காமலேயே ‘டர்போ போச்சு’ என்று யாராவது சொன்னால், வண்டியை இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.